புதியவர்கள் இரண்டாம் முறை வருவதில்லை: சனிக்கிழமைக்குள் யோசனை தேவை

பிறைதேடி (செவ்வாய், இரவு 9.12)
வணக்கம். வேலைக்கு நடுவே எழுதுகிறேன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவுக்குப் புதிதாக வருபவர்கள் ஒரு முறை வந்துவிட்டு மறைந்துவிடுகிறார்கள். போன ஆண்டு முழுவதும் இதே கதைதான். இந்த மாதத்திலிருந்து பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. சனிக்கிழமை அடுத்த கூட்டம். நடத்தை விதிகள் என்று ஒரு தாள் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன். யாரிடமாவது மாதிரி இருந்தால் அனுப்புங்கள். அவசரம்.

வடமீன் (செவ்வாய், இரவு 9.31)
வானம் பார்க்கும் குழு என்று நானாகவே எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் சொல்லவில்லை. எத்தனை பேர்? எத்தனை தொலைநோக்கிகள்? மாதத்தில் எந்த இரவு? குழந்தைகள் வருவார்களா? மறைந்துபோனவர்களில் ஒருவரிடமாவது ஏன் என்று கேட்டீர்களா? இதெல்லாம் தெரியாமல் மாதிரித் தாளை அனுப்பி என்ன பயன்?

எட்டாம்பிறை (செவ்வாய், இரவு 9.50)
அவர் பதில் சொல்வதற்கு முன்பே சொல்கிறேன்: அமாவாசையன்று கூடுகிறீர்கள். சரிதானே? பழகியவர்களுக்கு அது திருவிழா. புதியவருக்கோ கும்மிருட்டு, முகம் தெரியாத ஆட்கள், காலில் இடறும் முக்காலி. போதாக்குறைக்கு ஆண்ட்ரோமீடா விண்மீன் திரளைக் காட்டி, 25 லட்சம் ஒளியாண்டு தூரம் என்கிறோம். அவர் கண்ணுக்குத் தெரிவது கண்ணாடியில் விரல் பட்ட கறை போல ஒரு சாம்பல் திட்டு. வண்ணப் புகைப்படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தவர் என்ன செய்வார்?

புதியவர்களுக்கென்று தனி இரவு வையுங்கள். வளர்பிறை ஏழாம் எட்டாம் நாள். அரைநிலவில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே பள்ளங்களின் நிழல் நீளமாக விழும். முழுநிலவில் அந்த நிழல் கிடையாது, எல்லாம் வெள்ளையடித்த சுவர்தான். அரைநிலவின் வெளிச்சத்தில் வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் முடியும். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். விதியும் வேண்டாம், தாளும் வேண்டாம்.

பேரொளி (செவ்வாய், இரவு 10.04)
தம்பி, இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறேன். இதே கேள்வியை வெவ்வேறு வாய்களில் கேட்டுச் சலித்துவிட்டது. ஆர்வம் இருப்பவன் நிற்பான், இல்லாதவன் போவான். வாசலில் கோலம் போட்டு வரவேற்க இது கல்யாண வீடு அல்ல. எங்கள் காலத்தில் விண்மீன் கொத்துகளும் திரள்களும் அடங்கிய மெஸ்ஸியே பட்டியலின் 110 பொருள்களையும் நாங்களே தேடிக் கண்டுபிடித்தோம், யாரும் கையைப் பிடித்துக் காட்டவில்லை. வருபவர்களுக்கு முதலில் படிக்க வேண்டியவற்றின் பட்டியலைக் கொடுங்கள். படித்துவிட்டு வருபவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம்வரிசை (செவ்வாய், இரவு 10.40)
நான் அப்படி ஓடிப்போன ஆள். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இருட்டில் பள்ளம் மேடு தெரியாமல் கைப்பேசி டார்ச்சைப் போட்டுக்கொண்டு போனேன். நான்கு திசையிலிருந்தும் "விளக்கை அணை!" என்று கத்தினார்கள். திருடன் அகப்பட்டதுபோல் நின்றேன். ஏன் அணைக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கண் இருளுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரமாவது ஆகும், ஒரு வெள்ளை வெளிச்சம் அதை நொடியில் கெடுத்துவிடும் என்பது மாதக்கணக்கில் கழித்து நானே படித்துத் தெரிந்துகொண்டது. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் வாசலிலேயே அணைத்திருப்பேன்.

பிறகு ஒரு வரிசையில் நின்றேன். சனிக் கிரகம் என்றார்கள். என் முறை வந்தது, குனிந்தேன். கறுப்பு. என் இமைமுடி தெரிந்தது. "தெரிகிறதா?" என்று கேட்டார். பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். "தெரிகிறது, அருமை" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். வளையத்தைப் பார்க்காமலேயே வீட்டுக்குப் போய், பார்த்ததாக எல்லோரிடமும் சொன்னேன். அந்த வெட்கத்தில்தான் மறுமுறை போகவில்லை.

வடமீன் (செவ்வாய், இரவு 10.58)
மூன்றாம்வரிசை, தவறு உங்கள் கண்ணில் இல்லை. பூமி சுழல்வதால் வானம் நிமிடத்துக்குக் கால் பாகை நகர்கிறது. வானத்தைப் பின்தொடரும் மோட்டார் இல்லாத தொலைநோக்கியில் 200 மடங்கு உருப்பெருக்கம் வைத்தால், சாதாரணக் கண்ணருகு லென்ஸில் தெரியும் வானமே ஏறக்குறைய கால் பாகைதான். முன்னால் நின்றவர் ஒரு நிமிடம் ரசித்துவிட்டு நகர்ந்திருப்பார், சனியும் கூடவே போயிருக்கும். 50 மடங்கே போதும். நான்கு நிமிடம் நிற்கும், வளையமும் தெரியும். புதியவர் வரிசையில் பெரிய எண்ணைக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று. "தெரிகிறதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "என்ன தெரிகிறது, சொல்லுங்கள்" என்று கேளுங்கள். குவியம் சரிசெய்யும் திருகையும் அவர் கையிலேயே கொடுங்கள். ஒவ்வொருவர் கண்ணுக்கும் அது மாறும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றியவருக்கு இன்னும் மாறும்.

பிறைதேடி (புதன், காலை 7.05)
அனைவருக்கும் நன்றி. விட்டுப்போன விவரங்கள்: இருபது உறுப்பினர்கள், ஐந்து தொலைநோக்கிகள், ஆமாம், அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமைதான். குழந்தைகள் எப்போதாவது வருவார்கள். வருபவர்களின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் ஒரு நோட்டில் வாங்கி மறுநாள் கைப்பேசிச் செய்திக் குழுவில் சேர்த்துவிடுவோம்.

நினைவில் இருப்பவர்கள் நான்கு பேர். ஒரு தந்தையும் மகளும்: டார்ச் விஷயத்தில் யாரோ கத்தியதில் குழந்தை அழுதுவிட்டது. ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர்: "இதில் திருவாதிரை எது?" என்று கேட்டார், எங்கள் ஆள் ஒருவர் "இங்கே ஜோதிடம் பார்ப்பதில்லை" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் ஒரு கல்லூரி மாணவி: மூன்று முறை வந்தார், நன்றாகக் கற்றுக்கொண்டார், பிறகு "குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று செய்தி அனுப்பிவிட்டு நின்றுவிட்டார்.

ஆரல் (புதன், காலை 8.20)
அந்தப் பெரியவரை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பீட்டல்ஜூஸ் என்று அரபி வழி வந்த பெயரைச் சொன்னால் அறிவியல், அதே விண்மீனைத் திருவாதிரை என்றால் ஜோதிடமா? அவர் ஒரு பெயரோடு வந்தார். அந்தப் பெயருக்கு உரிய செந்நிற விண்மீனைக் காட்டியிருந்தால், பக்கத்தில் ரோகிணி எது, கார்த்திகை எது என்று அவரே அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பார்.

பேரொளி (புதன், காலை 8.41)
உலகம் முழுவதும் ஒரே பெயர் இருந்தால்தான் பதிவுகளை ஒப்பிட முடியும். சர்வதேச வானியல் ஒன்றியம் பெயர்ப் பட்டியல் வெளியிடுவது இதற்காகத்தான். ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தால் சந்தைக்கடை ஆகிவிடும்.

ஆரல் (புதன், காலை 8.47)
அவர் ஆய்வுக் கட்டுரை எழுத வரவில்லை ஐயா. அண்ணாந்து பார்க்க வந்தார்.

கூழாங்கல் (புதன், மதியம் 1.15)
கடைசியாகச் சொன்ன அந்த மாணவியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள்.

பிறைதேடி, அவர் கடைசியாக வந்த இரவு குளிராக இருந்ததா?

நான் முன்பு போய்க்கொண்டிருந்த ஒரு குழுவிலும் இதே நோட்டுதான். எண்ணை எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை பதினோரு செய்திகள். பத்து, பொதுவான வரவேற்பு. பதினோராவது தனியாக வந்தது: என் மொட்டைமாடியில் இதைவிட நல்ல வானம், தனியாகச் சொல்லித் தருகிறேன். மரியாதையாக மறுத்தேன். பிறகு ஒவ்வோர் இரவும் "இன்று வியாழன் கிரகத்தைப் பார்த்தீர்களா?" என்று வரும். அதில் குற்றம் சொல்ல ஒரு வார்த்தை இருக்காது, அதுதான் சங்கடம். பொறுப்பாளரிடம் சொன்னேன். "நல்ல மனிதர், கொஞ்சம் ஆர்வக்கோளாறு" என்றார். நானும் நின்றுவிட்டேன். காரணம் என்று பனி, தூரம், தேர்வு என்று எதையோ சொன்னேன்.

இருட்டு, ஊரடங்கிய நேரம், முன்பின் தெரியாதவர்கள். ஒரு பெண்ணோ சிறுபிள்ளையோ அங்கே வருவதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நோட்டை நிறுத்துங்கள். எண் பொறுப்பாளரிடம் மட்டும் இருக்கட்டும், குழுவில் சேர்ப்பது அவரவர் கேட்டால் மட்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தனியாகக் கற்றுத்தரும் அழைப்பு, வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்பதெல்லாம் முதல் சில மாதங்களுக்கு வேண்டவே வேண்டாம். புகார் கேட்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது, இருவரும் நெருங்கிய நண்பர்களாக இருக்கக் கூடாது. இதைத்தான் தாளில் அச்சடிக்க வேண்டும். டார்ச் விதியை வாயால் சொன்னாலே போதும்.

பேரொளி (புதன், மதியம் 1.32)
ஒரு பொழுதுபோக்கைக் காவல் நிலையமாக்கிவிடாதீர்கள். எல்லோரையும் சந்தேகப்பட்டால் யார்தான் சொல்லித்தருவார்?

கூழாங்கல் (புதன், மதியம் 1.40)
சூரியனைக் காட்டும்போது வடிகட்டியைத் தொலைநோக்கியின் முன்வாயில் மாட்டுகிறீர்களே, அது வருபவர்களைச் சந்தேகப்பட்டா?

வடமீன் (புதன், மதியம் 2.10)
சூரியன் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. கண்ணருகு லென்ஸில் திருகும் சின்ன சூரிய வடிகட்டி யாரிடமாவது இருந்தால் இன்றே குப்பையில் போடுங்கள். குவிந்த வெப்பத்தில் வெடித்துவிடும், கண் போய்விடும். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொலைநோக்கியில் பார்ப்பதும் அதே ஆபத்துதான். குறிபார்க்கும் சிறு தொலைநோக்கியையும் மூடிவையுங்கள். குழந்தைகள் முதலில் எட்டிப் பார்ப்பது அதில்தான்.

பச்சைக்கோடு (புதன், மாலை 6.22)
புதியவர்களுக்கு வானத்தில் இடம் காட்ட லேசர் சுட்டியை விடச் சிறந்தது எதுவும் இல்லை. விரலால் காட்டினால் பக்கத்தில் நிற்பவருக்கே வேறு விண்மீன் தெரியும். ஒரு பச்சைக் கோடு போட்டு "இதோ சித்திரை, இதோ சுவாதி" என்றால் குழந்தைகூடப் பிடித்துக்கொள்ளும். பிறைதேடி, முதலில் அதை வாங்குங்கள்.

பேரொளி (புதன், மாலை 6.30)
இதற்குத்தான் படித்துவிட்டு வரச் சொல்கிறேன். பச்சை லேசரின் அலைநீளம் 532 நானோமீட்டர். நம் கண்ணில் மங்கலான ஒளியில் பார்க்க உதவும் கோல் செல்கள் உச்சத்தில் இருப்பது 500க்குப் பக்கத்தில். இருளுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்க இதைவிடப் பொருத்தமான நிறம் கிடைக்காது.

பச்சைக்கோடு (புதன், மாலை 6.37)
வானத்தில் தெரியும் மெல்லிய கோட்டின் ஒளி கண்ணைக் கெடுக்கும் அளவுக்கு இருக்காது. இருளுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்காத சிவப்பு விளக்கு என்று பெரிய பந்தம் போல் ஏந்திக்கொண்டு திரிபவர்களைவிட இது மேல். சிவப்பாக இருந்தால் மட்டும் போதாது, மங்கலாகவும் இருக்க வேண்டும்.

வடமீன் (புதன், மாலை 6.55)
கோட்டை விடுங்கள், கூட்டத்தை நினையுங்கள். 5 மில்லிவாட் என்று ஒட்டியிருக்கும் பல சுட்டிகள் உண்மையில் அதற்கு மேல் உமிழ்கின்றன. மலிவானவற்றில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் சேர்ந்தே கசியலாம். இருட்டில் குழந்தை உயரத்தில் ஒரு கை சாய்ந்தால் என்ன ஆகும்? விமானத்தின் மேல் பட்டால் விமானி ஒரு கணம் குருடாகிவிடுவார், பல நாடுகளில் அது குற்றம். காட்டத்தான் வேண்டும் என்றால் ஒரே ஆள், ஒரே சுட்டி, கை மாறக் கூடாது.

பச்சைக்கோடு (புதன், மாலை 7.01)
இருபது ஆண்டு முன்பு வந்த பயத்தையே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

பேரொளி (புதன், மாலை 7.03)
532 நானோமீட்டர் பற்றி நான் சொன்னதற்கு இது பதில் அல்ல.

(இதற்குப் பிறகு பச்சைக்கோடும் பேரொளியும் மாறி மாறி எழுதிய பதினான்கு பதில்கள் ஒழுங்காளரால் தனி இழைக்கு மாற்றப்பட்டன.)

மூன்றாம்வரிசை (வெள்ளி, இரவு 9.18)
கேட்டவர் எங்கே? நாளைதானே கூட்டம்?

எட்டாம்பிறை (வெள்ளி, இரவு 9.25)
அமாவாசையில் போய் நின்றுகொண்டிருப்பார். யார் சொல்வதைக் கேட்கிறார்கள்?

பிறைதேடி (திங்கள், இரவு 11.47)
மன்னிக்கவும், எழுத நேரம் கிடைக்கவில்லை. சுருக்கமாக:

அந்த மாணவி கடைசியாக வந்த அன்று குளிரே இல்லை. அவருக்கு, வரச் சொல்லாமல், காரணம் மட்டும் கேட்டு எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. கூழாங்கல் சொன்னது ஏறக்குறைய வரிக்கு வரி. தொந்தரவு செய்த ஆள் எங்கள் குழுவின் மிகப் பெரிய தொலைநோக்கிக்குச் சொந்தக்காரர். மாணவியின் பெயரைச் சொல்லாமல் அவரிடம் பேசினேன். கோபித்துக்கொண்டு தொலைநோக்கியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவரோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள். "எங்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டாமா?" என்று மற்றவர்களும் முகம் சுளித்தார்கள். நோட்டைக் கிழித்துவிட்டேன்.

சனிக்கிழமை மேகம். ஒன்றும் தெரியவில்லை. புதியவர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள், சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பெரியவரைத் தொலைபேசியில் அழைத்தேன், அடுத்த அரைநிலவுக்கு வருகிறேன் என்றிருக்கிறார். தந்தையும் மகளும் எடுக்கவில்லை.

கூழாங்கல் (செவ்வாய், காலை 6.50)
மாணவி?

பிறைதேடி (செவ்வாய், காலை 7.02)
வரவில்லை. நன்றி என்று மட்டும் எழுதினார்.

பேரொளி (செவ்வாய், காலை 9.15)
எத்தனை அங்குலத் தொலைநோக்கி போனது?