லோன் வீட்டு மாடி ரூம்: ஒத்திக்கு விடவா, வாடகைக்கு விடவா?

மாடிவீட்டுக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். மதுரை அய்யர் பங்களா பக்கம் எங்க வீடு. கீழ ரெண்டு ரூம், ஹால், சமையல்கட்டு. மாடியில ஒத்த ரூம், பாத்ரூமோட. படிக்கட்டு வெளிய இருந்தே ஏறும்.

2021-ல 18 லட்சம் லோன் வாங்கிக் கட்டினது. என் பேரும் வீட்டுக்காரர் பேரும் சேர்ந்த லோன். முதல்ல இ.எம்.ஐ. 13,850. மறுவருஷத்துலேருந்து வட்டி ஏறி ஏறி 16,300-ல வந்து உக்காந்துருச்சு. இப்ப வட்டி குறைஞ்சிருக்குன்னு டி.வி.யில சொல்றாங்க, எங்க இ.எம்.ஐ. மட்டும் அசையக் காணோம்.

இவரு ஒரு கம்பெனி வேன் ஓட்டிக்கிட்டு இருந்தாரு. மூட்டு ஆபரேஷனுக்கு அப்புறம் வாரம் மூணு நாள்தான் போறாரு. நான் பிளவுஸ் தைக்கிறேன். கல்யாண சீசன்ல கை நிறைய வேலை, ஆடியில ஊசிக்குக்கூட வேலை இருக்காது. மகளைத் தை மாசம் திண்டுக்கல்லுல கட்டிக் குடுத்தாச்சு. மாடி ரூம் அவளோடது. இப்ப சும்மா பூட்டிக் கிடக்கு.

அந்த ரூமைத்தான் விடலாம்னு இருக்கோம். ரெண்டு பார்ட்டி இருக்கு. புரோக்கர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாரு, 3 லட்சம் ஒத்தி, மூணு வருஷம். மாச வாடகை கிடையாது, முடிவுல பணத்தைத் திருப்பிக் குடுக்கணும். "அக்கா, மொத்தமா வாங்கி லோன்ல கட்டிருங்க, பாரம் குறையும்"னு சொல்றாரு. இன்னொண்ணு, பக்கத்து ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கிற ஒரு பொண்ணு, மாசம் 4,500 வாடகைக்குக் கேக்குது.

என் சந்தேகம் இதுதான். பேங்க்ல கேக்கணுமா? இவரு கேக்க வேணாம்ங்கிறாரு. அந்த மாடி ரூம் லோன் பணத்துல கட்டினது இல்ல. 2023-ல என் நகையை வச்சுக் கட்டினது. பேங்க்குல குடுத்த பிளான்லயும் அது கிடையாது. "பேங்க்குக்குத் தெரியாத ரூமுக்குப் பேங்க்ல போய் ஏன் கேக்கணும்"ங்கிறாரு. கேக்கச் சரியாத்தான் இருக்கு, ஆனா எனக்கு ராத்திரி தூக்கம் வரல. லோன் பத்திரம் இந்தத் தண்டி இருக்கு, பூரா இங்கிலீஷு. அவங்க பென்சில்ல டிக் அடிச்ச இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டோம், அம்புட்டுத்தான். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரிட்டயர்டு கிளார்க்:

அம்மா, நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் 31 வருஷம் வேலை பார்த்தவன். கடைசி ஒன்பது வருஷம் வீட்டுக்கடன் பிரிவில். உங்கள் வீட்டுக்காரர் சொன்ன அதே வாதத்தை அந்த மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். அது செல்லாது.

அடமானம் மனைக்கும், அதன்மேல் நிற்கிற எல்லாவற்றுக்கும். அப்புறம் கட்டியதும் அதோடுதான் சேரும். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் 70-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. நகையை வைத்துக் கட்டினாலும் சரி, சீட்டு எடுத்துக் கட்டினாலும் சரி. பேங்க்குக்குத் தெரியாத ரூம் என்று ஒன்று கிடையாது. இன்னும் பார்க்காத ரூம், அவ்வளவுதான்.

வாடகைக்கு விடக்கூடாதா என்றால், விடலாம். அதே சட்டத்தில் 65ஏ என்று ஒரு பிரிவு. அடமானம் வைத்தவர் சொத்தைத் தன் கையில் வைத்திருக்கும்போது குத்தகைக்கு விடலாம் என்கிறது. ஆனால் கூடவே கட்டுப்பாடுகள் உண்டு. ஊர் நடப்பில் கிடைக்கிற நியாயமான வாடகையாக இருக்க வேண்டும். கட்டிடமென்றால் மூன்று வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. தானாகப் புதுப்பிக்கிற ஷரத்து கூடாது. முக்கியமாக, மொத்தத் தொகை எதுவும் வாங்கக்கூடாது, வாடகையை முன்கூட்டியே வாங்கக்கூடாது. இப்போது ஒத்தியை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்தி என்பதே மொத்தமாக வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் விடுவதுதானே?

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கடன் பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் நிற்கும், 65ஏ நிற்காது. நான் பார்த்த வீட்டுக்கடன் பத்திரங்களில் எல்லாம் "வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் வாடகைக்கோ குத்தகைக்கோ விடக்கூடாது" என்ற வரி இருக்கும். நீங்கள் டிக் அடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டது இதற்கும் சேர்த்துத்தான்.

அதனால் கேளுங்கள், பயப்பட ஒன்றுமில்லை. வெள்ளைத்தாளில் கடன் நம்பரைப் போட்டு, "நாங்கள் கீழே குடியிருந்துகொண்டு மாடியில் ஒரு அறையை 11 மாத ஒப்பந்தத்தில் மாத வாடகைக்கு விட அனுமதி கோருகிறோம்" என்று எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கிளையில் கொடுங்கள். நகலில் சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா, விடுங்க" என்று மேனேஜர் வாயால் சொன்னால் அது கணக்கில் வராது. அவர் அடுத்த வருஷம் வேறு ஊரில் இருப்பார். தவணை ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு ரூமுக்கெல்லாம் நாங்கள் மறுத்ததில்லை. பாக்கி விழுந்து, 60 நாள் கெடு வைத்து சர்ஃபேசி (பாக்கிக்காக அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழி செய்யும் சட்டம்) நோட்டீஸ் வந்துவிட்டது என்றால்தான் கதை வேறு. அதற்குப் பிறகு பேங்க் சம்மதம் இல்லாமல் குத்தகைக்கு விடவே முடியாது.

இ.எம்.ஐ. அசையவில்லை என்றீர்களே, அனேகமாக வட்டிக் குறைப்பை மாதத் தொகையில் காட்டாமல் தவணை எண்ணிக்கையில் கழித்திருப்பார்கள். அதே நாள் ஸ்டேட்மென்ட் ஒன்று கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கடைசியாக, புரோக்கரின் கணக்கு. 3 லட்சத்தை லோனில் கட்டினால் எட்டரை வட்டிக்கு மாசம் 2,125 ரூபாய் மிச்சம். நர்ஸ் பெண் தருவது 4,500. இதில் எது பாரத்தைக் குறைக்கிறது? மூணாவது வருஷ முடிவில் அந்த 3 லட்சத்தைத் திருப்பித் தரவும் வேண்டும். அடுத்த ஒத்திக்காரர் கிடைத்தால்தான் முடியும்.

ஒத்தியில் போனவன்:

அக்கா, நான் அந்தப் பக்கத்துல நின்னவன், அதனால சொல்றேன். இதே ஊர்ல நாலரை லட்சம் ஒத்திக்கு ஒரு வீட்டுக்குக் குடிபோனோம். 20 ரூபா பத்திரத்துல எழுதினது, பதிவு பண்ணல. வீட்டு ஓனர் நல்ல மனுஷன், பொங்கலுக்கு வெல்லமும் அரிசியும் குடுத்து விடுவாரு. வீட்டு மேல லோன் இருக்குங்கிறதை மட்டும் சொல்லல. நானும் வில்லங்கம் போட்டுப் பாக்கல. ஆன்லைன்ல பாத்திருந்தா பேங்க்ல பத்திரம் வச்சது ஒரு வரியா வந்திருக்கும்.

ரெண்டாவது வருஷம் கதவுல நோட்டீஸ் ஒட்டினாங்க. மைதாப் பசை, கதவு பெயிண்டோட சேந்து உரிஞ்சுச்சு. ஓனரைக் கேட்டா "பேசிட்டு இருக்கேன் தம்பி"ன்னாரு. ஆறு மாசம் பேசிக்கிட்டே இருந்தாரு. ஒருநாள் காலையில பேங்க்காரங்க கோர்ட்டு ஆர்டரோட, போலீசோட வந்துட்டாங்க. சாமானை எடுக்க ஒரு மணி நேரம். கட்டில், கிரைண்டர், கேஸ் எல்லாம் தெருவுல. சீல் வச்ச அப்புறம்தான் ஞாபகம் வருது, மகளோட பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் சுவத்து அலமாரிக்குள்ள இருக்கு. மறுநாள் அந்த ஆபீசர் கால்ல விழாத குறையாக் கெஞ்சி எடுத்தோம்.

மதுரையிலயே கடன் வசூல் தீர்ப்பாயம் இருக்கு. வாடகைக்காரங்க அங்க போகலாம்னு வக்கீல் சொன்னாரு, போனோம். பதிவு இல்லாத ஒத்தி, அதுவும் பேங்க் அடமானத்துக்கு அப்புறம் எழுதினது. வக்கீல் ஃபீஸ்தான் மிச்சம். ஓனர்கிட்ட இருந்து இன்னைக்கு வரைக்கும் வந்தது எழுபதாயிரம்.

நீங்க ஏமாத்துறீங்கன்னு சொல்ல வரல. அந்த மனுஷனும் ஏமாத்தணும்னு நினைக்கல. கடை நொடிச்சுப் போச்சு, அவ்வளவுதான். உங்க வீட்டுக்காரருக்கு மூட்டு சரியில்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஒத்திக்கு வர்ற குடும்பத்துக்கிட்ட லோன் இருக்குன்னு புரோக்கர் சொல்லிட்டாரான்னு முதல்ல கேளுங்க.

ஆனையூர் அக்கா:

நானும் லோன் வீட்லதான் இருக்கேன். அஞ்சு வருஷமா பின்பக்க ரூமை விட்டிருக்கேன். சட்டம் அண்ணன் சொல்லிட்டாரு, நான் குடித்தனம் சொல்றேன்.

கரண்டு. தனி மீட்டர் இல்லன்னா சப்-மீட்டர் ஒண்ணு மாட்டிருங்க. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீங்கிறது வீட்டுக்கு மொத்தமாத்தான், அந்தப் பொண்ணுக்குத் தனியா கிடையாது. உங்களதும் அவளதும் சேந்து 500 யூனிட்டைத் தாண்டிச்சுன்னா ரேட்டே மாறிடும், மேல உள்ள யூனிட்டுக்கு மட்டும் இல்ல. நீங்க மோட்டார் தையல் மிஷின் வச்சிருந்தா இன்னும் கவனம். யூனிட்டுக்கு எவ்வளவுன்னு முதல்லயே பேசிருங்க. எனக்கு இதுல ஒரு தடவை மனக்கசப்பாகி, பையன் ஒரு மாசம் முகம் குடுத்துப் பேசல.

தண்ணி. நம்ம ஏரியா போர் உப்பு உங்களுக்குத் தெரியும். குடிக்க கேன் அவங்கவங்க பாடுன்னு சொல்லிருங்க. டேங்க் மாடி ரூமுக்கு மேல இருந்தா மோட்டார் போடுறது யாருன்னும் பேசிக்கங்க. நர்ஸுன்னா நைட் டியூட்டி முடிஞ்சு காலையில வந்து தூங்கும். நீங்க காலையில மாடியில துணி காயப் போட, வத்தல் காயப் போடப் போவீங்க. இதெல்லாம் சின்ன விஷயமா தெரியும், சண்டை வர்றது இதுலதான்.

வீட்டு வரி ரசீதுல மாடி ஏறியிருக்கா? இல்லன்னா மாநகராட்சியில முதல்ல அதைச் சேத்துட்டு அப்புறம் பேங்க்குக்குப் போங்க. பிளான்ல இல்லாத ரூமைப் பத்தி ரெண்டு இடத்துல ரெண்டு கதை சொல்ல வேண்டியிருக்காது.

வாடகை ஒப்பந்தம் இப்ப சும்மா எழுதி பீரோவுல வைக்கிறது இல்ல. 2019 பிப்ரவரியில இருந்து புதுச் சட்டம், 11 மாசம்னாலும் எழுத்துல இருக்கணும், ஆன்லைன்ல வாடகை அதிகாரிகிட்ட பதியணும். அட்வான்ஸ் மூணு மாச வாடகை. நம்ம ஊர்ல பத்து மாசம் கேக்குறாங்க, நீங்க கேக்காதீங்க. அந்தப் பொண்ணு ஆதார் நகலைப் பக்கத்து ஸ்டேஷன்லயும் குடுத்து வைங்க.

கணக்குப்பிள்ளை:

வரி பற்றி யாரும் சொல்லவில்லை. வருஷ வாடகை 54,000. அதில் 30 சதவீதம், அதாவது 16,200, செலவு என்று கழிந்துவிடும், பில் கேட்க மாட்டார்கள். மீதி 37,800. மாடி ரூம் லோன் பணத்தில் கட்டியது இல்லை என்பதால் வீட்டுக்கடன் வட்டியை இதில் கழிக்க முடியாது.   அந்த 37,800-ஐ ரெண்டு பேரும் பாதிப் பாதி காட்டலாம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லை என்பதால் உங்களுக்குக் கட்ட வேண்டியது ஒன்றும் வராது. குடியிருக்கிற பகுதிக்கான வட்டிக்குப் புதிய முறையில் கழிவு கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். மறைக்க நினைத்தாலும் பலனில்லை. அந்தப் பெண் சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப் படிக்கான (HRA) கணக்கில் உங்கள் பெயரைக் காட்டினால் வெளியே வந்துவிடலாம்.

மாடிவீட்டுக்காரி:

எல்லாருக்கும் கோடி நன்றி. ஹால் டிக்கெட் கதையை இவருக்குப் படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசல, டீயைக் குடிச்சுட்டு வெளிய போயிட்டாரு. ராத்திரி அவரே புரோக்கருக்குப் போன் போட்டு, வர்ற குடும்பத்துக்கிட்ட லோன் இருக்குன்னு சொன்னீங்களான்னு கேட்டாரு. "அதை எதுக்கு அண்ணே இப்ப சொல்லிக்கிட்டு"ன்னு பதில் வந்துச்சு. அதோட அது முடிஞ்சது.

நேத்து பேங்க்குக்குப் போனோம். கவுண்டர்ல இருந்த தம்பி லெட்டரைப் படிச்சுட்டு, "இதுக்கெல்லாமா லெட்டர் எழுதுறீங்க, விட்டுருங்க"ன்னாரு. அய்யா சொன்னது ஞாபகம் வந்துச்சு, சீல் குடுங்கன்னு அங்கேயே நின்னேன். முக்கால் மணி நேரம் கழிச்சு மேனேஜர் கூப்பிட்டு வாங்கினாரு. மேல் ஆபீசுக்கு அனுப்பிட்டு பத்து நாள்ல எழுத்துல தர்றேன்னு சொல்லியிருக்காரு. மாடி ரூம் எப்பக் கட்டினதுன்னு கேட்டாரு, உள்ளதைச் சொல்லிட்டேன். வீட்டு வரியில ஏத்தினதும் ரசீது நகல் குடுக்கச் சொன்னாரு. ஸ்டேட்மென்ட்டும் வாங்கிட்டேன். அய்யா சொன்னபடியே தவணையிலதான் குறைச்சிருக்காங்க, 23 மாசம்.

அந்தப் பொண்ணு ஞாயித்துக்கிழமை ரூம் பாக்க வந்துச்சு. மேகமலைப் பக்கமாம். முதல்ல ஜன்னல் எந்தப் பக்கம்னு பாத்துச்சு, காலையில வெயில் அடிக்குமான்னு. நைட் டியூட்டிதான். ஜன்னலுக்குக் கனமா ஒரு திரை தைச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கேன். பேங்க் லெட்டர் வந்த அப்புறம்தான் சாவின்னும் சொல்லிட்டேன், சரின்னுச்சு. ஆனையூர் அக்கா, சப்-மீட்டர் எந்தக் கடையில வாங்கினீங்க, என்ன விலை ஆச்சு?