ஸ்ப்ரூவுக்குத் தமிழில் என்ன? மரமா, வார்காலா, சட்டமா

அஸ்தம்பட்டி, திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம்.

கோடை விடுமுறையில் ஏற்காட்டில் எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விமான மாதிரி கட்டும் பயிற்சி. ஆளுக்கொரு 1/72 கிட், அதாவது நிஜ விமானத்தில் 72-இல் ஒரு பங்கு அளவில் ஒட்டிக் கட்டும் பாகங்களின் பெட்டி. அதற்கான 12 பக்கக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். பாகங்களை உருவாக்கும் அச்சின் விளிம்பில் கசிந்து நிற்கும் மெல்லிய பிளாஸ்டிக்குக்குப் 'பிசிறு' என்று போட்டுவிட்டேன், அதில் யாருக்கும் தகராறு இருக்காது. சிக்கல் ஸ்ப்ரூவில். பெட்டியைத் திறந்ததும் பாகங்களைச் சுமந்தபடி வரும் அந்தப் பிளாஸ்டிக் சட்டகத்தைத்தான் சொல்கிறேன்.

'ஏ-14' என்றால் ஏ ஸ்ப்ரூவில் 14-ஆம் பாகம். எண் பாகத்தின் மேல் இருக்காது, பக்கத்தில் ஸ்ப்ரூவில் பொறித்திருக்கும். வெட்டி எடுத்துவிட்டால் எது எந்த எண் என்று தெரியாது. 'தேவைப்படும்வரை பாகத்தை ஸ்ப்ரூவிலிருந்து வெட்டாதே' என்பதுதான் கையேட்டின் முதல் வரி. அந்த வரியிலேயே பிள்ளை தடுக்கி விழக் கூடாது. நல்ல சொல் தாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை, திங்கள் மதியம்

வணக்கங்க. வெள்ளி வார்ப்பில் இதற்கு ஏற்கெனவே பெயர் உண்டு: மரம். மெழுகு உருக்களை நடுத்தண்டில் சுமார் 45 பாகைச் சாய்வில் ஒட்டி, மேலே வார்ப்பு மாவுக் குழம்பு ஊற்றி இறுகவிட்டு, சூளையில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் வெள்ளியை வார்க்கிறோம். உடைத்து எடுத்தால் கிளைகிளையாக மரம் போலவே நிற்கும். வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் தண்டு மறுபடி உருக்குக்குப் போகும். கிட்டில் வருவதும் இதே முறைதான், பொருள்தான் வேறு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஸ்ப்ரூ என்று நீங்கள் முழுச் சட்டகத்தையும் சொல்கிறீர்கள். வார்ப்புக்காரர் கணக்கில் அது தவறு. உருகியது உள்ளே இறங்கும் செங்குத்துத் துளைதான் ஸ்ப்ரூ. அங்கிருந்து கிளை பிரிந்து ஓடுவது ரன்னர். பாகத்துக்குள் நுழையும் ஒடுங்கிய இடம் கேட். மூன்றுக்கும் மூன்று வேலை, அதனால் மூன்று பெயர் வேண்டும். ஊற்றுவாய், ஓடை, மடை என்று வையுங்கள்.

ஆத்தூர், திங்கள் இரவு

அன்புடையீர், 'மடை' அழகான சொல். ஆனால் மடை என்றால் படையல், சோறு என்றும் பொருள். மடைப்பள்ளி அந்த வழியில் வந்ததே. என் பரிந்துரை வார்கால். வார்த்த கால், வார்க்கும் கால், வார்க்கப்போகும் கால் என முக்காலமும் அடங்கிய வினைத்தொகை. அதனால் நடுவில் வல்லினம் மிகாது. 'வார்க்கால்' என்று எழுதினால் பிழை.

கால் என்பதற்கு நீரோடும் வழி என்று பொருள் இருப்பதை வாய்க்காலும் கால்வாயும் காட்டும். காலுதல் என்றால் உமிழ்தல், வெளிவிடுதல். உள்ளிருப்பது வெளியே பாய்வதே இச்சொல்லின் அடிக்கருத்து என்பது என் துணிபு. கால் என்றால் காற்றும்கூட. பறக்கும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான அடிச்சொல் ஏது? இந்த இடத்தில் ஒன்று: கையேட்டில் 'விமானம்' என்று எழுதுவதையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். விமானம் கோயில் கருவறையின் மேல் நிற்பது. புறநானூறு 27-இல் 'வலவன் ஏவா வான ஊர்தி' இருக்க, வடசொல் எதற்கு?

சூரமங்கலம், செவ்வாய் காலை

புலவர் ஐயாவுக்கு வணக்கம். விமானம், வானூர்தி வழக்கு பழையது, வெள்ளிக்கிழமைக்குள் தீராது. விட்டுவிடுவோம்.

வார்காலில் இரண்டு சிக்கல். கையேட்டின் 7-ஆம் பக்கத்தில் விமானத்தின் கால்கள் வருகின்றன: மூக்குக் கால், பக்கக் கால். 'காலை வார்காலிலிருந்து வெட்டு' என்று எழுத வேண்டிவரும். இரண்டாவது, மெய்ப்புப் பார்ப்பவர் எவராக இருந்தாலும் அதை அச்சுப்பிழை என்று எண்ணி 'வாய்க்கால்' என்று திருத்திவிடுவார்.

என்னைக் கேட்டால் பெரிய சொல்லைவிடச் சின்னச் சொல்தான் முக்கியம். அதாவது கேட். பிள்ளைகள் கெடுக்கப்போவது அங்கேதான். நிப்பரை, அதாவது வெட்டும் சிறு குறடை, பாகத்தை ஒட்டி வைத்து ஒரே நறுக்கில் வெட்டினால் பிளாஸ்டிக் நெரிந்து வெளுத்துப்போகும், சில சமயம் பாகத்திலிருந்தே ஒரு துணுக்கைப் பிய்த்துக்கொண்டு குழி விழும். ஆகவே இரண்டு வெட்டு. முதல் வெட்டு 2, 3 மில்லிமீட்டர் தள்ளி. பிறகு நிப்பரின் தட்டையான பக்கம் பாகத்தைப் பார்க்க, அரை மில்லிமீட்டர் விட்டு இரண்டாம் வெட்டு. மிச்சத்தைக் கத்தியால் சீவி, 400, 600, 1000 என்ற வரிசையில் உப்புத்தாள்.

நாட் போர் விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 6.73 மீட்டர், 1/72-இல் 93 மில்லிமீட்டர்தான். அதில் அரை மில்லிமீட்டர் மிச்சம் விட்டால் நிஜ விமானத்தில் 36 மில்லிமீட்டர் முட்டு துருத்தி நிற்பதற்குச் சமம். இறக்கையின் முன்விளிம்பில் அது இருந்தால் பெயின்ட் அடித்த பிறகு பளிச்சென்று தெரியும்.

கேட்டுக்கு என் சொல்: காம்பு. 'காம்பைக் கிள்ளு' என்றால் விளக்கமே வேண்டாம்.

ஏற்காடு, செவ்வாய் மாலை

எல்லோருக்கும் வணக்கம். வகுப்பை நடத்தப்போகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். வார்கால் என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், பெட்டியைத் திறந்ததும் 'மிஸ், இந்த ஃப்ரேம்ல' என்றுதான் கேட்பார்கள். ஃப்ரேமுக்குத் தமிழ் சட்டம். சிலேட்டுக்குச் சட்டம், படத்துக்குச் சட்டம், கதவுக்குச் சட்டம். 'ஏ சட்டம், 14-ஆம் பாகம்' என்றால் எந்தப் பிள்ளையும் கையை வைத்துவிடும்.

காம்பு நல்ல சொல். பால் கறக்கும் வீட்டுப் பிள்ளைக்குக் காம்பு என்றால் முதலில் மாட்டு மடிதான் நினைவுக்கு வரும், கொஞ்சம் சிரிப்பார்கள். ஆனாலும் இங்கே காப்பியும் மிளகும் பறிக்கிற ஊர். காம்போடு பறிப்பது, காம்பில்லாமல் பறிப்பது எல்லாம் தெரிந்த பிள்ளைகள்.

கூடவே ஒரு சொல் வேண்டும். இங்கே 1,500 மீட்டர் உயரம். மே மாதத்திலும் மாலையில் மூடுபனி இறங்கும். லாக்கர் பெயின்ட் அடித்தால் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, ஈரம் அதன்மேல் படிந்து, பெயின்ட் வெளுத்துப்போகிறது. இதற்கு என்ன சொல்வது?

ஆத்தூர், செவ்வாய் இரவு

உப்பு பூத்தது, பூஞ்சணம் பூத்தது என்கிறோமே. அதன்படி 'பூப்பு'.

ஏற்காடு, செவ்வாய் இரவு

எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் முன்னால் 'பூப்பு' எழுத முடியாது ஐயா. 'வெண்படலம்' போட்டுவிடுவோம். பெயின்ட் வேலையைக் காலை பத்து மணிக்கு மேல், பனி விலகிய பிறகு வைத்துக்கொள்கிறோம்.

சூரமங்கலம், செவ்வாய் இரவு

கீழே சேலத்தில் இதற்கு நேர்மாறான தொல்லை. ஏப்ரல் வெயிலில், பெயின்ட் தூவும் ஏர்பிரஷ்ஷிலிருந்து கிளம்பும் துளி பாகத்தைத் தொடுவதற்குள் பாதி காய்ந்து, மேற்பரப்பு மணல் தூவியது போல் சொரசொரப்பாகிறது. காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டு கலந்து, இன்னும் கிட்டத்தில் வைத்து அடித்தால் சரியாகும். ஒரே கையேட்டை இரண்டு இடத்திலும் பயன்படுத்துவதாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை, புதன் காலை

வார்கால் பற்றி இன்னும் ஒரு தடை. வார்த்தல் என்றால் மேலிருந்து ஊற்றுவது. உலோகம் தன் எடையிலேயே இறங்கும். கிட் செய்யும் எந்திரம் ஊற்றுவதில்லை. உருகிய பாலிஸ்டைரீனைத் திருகுத் தண்டால் பெரும் அழுத்தத்தில் அச்சுக்குள் பீச்சுகிறது. அப்படிப் பீச்சுவதால்தான் பேனல் கோடு முதல் ரிவெட் வரை அத்தனை நுணுக்கமாக விழுகிறது. அச்சின் இரு பாதிகள் இறுக்கமாக மூடாவிட்டால் பிசிறு வருவதும் அந்த அழுத்தத்தால்தான். பீச்சுகிற பொருளுக்கு 'வார்' என்ற வேர் பொருந்தாது.

சட்டம் என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. சட்டம் தாங்குவதற்காகச் செய்யப்படுவது. இது பாய்ந்த பொருள் உறைந்து நின்ற வழி. தாங்குவது இதன் இரண்டாம் வேலை. 'மரம்' என்றால் அந்தப் பாய்ச்சல் புரியும்.

ஆத்தூர், புதன் மதியம்

அப்படியானால் 'பீச்சுகால்' என்க. வினைத்தொகை கெடவில்லை.

அஸ்தம்பட்டி, புதன் மாலை

ஐயா, பீச்சுகால் வேண்டாம், மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மரத்தில் எனக்குள்ள தடையையும் சொல்லிவிடுகிறேன். மரத்தாலான விமான மாதிரிகளும் உண்டு. பால்சா மரத்தில் கட்டுவது தனிக்கலை. 'மரத்திலிருந்து வெட்டு' என்று படித்தவர் பால்சாவை நினைப்பார்.

ராஜாஜி சேலத்தில் வழக்கறிஞராக இருந்தபோது, 1916-இல், அறிவியல் சொற்களை எளிய தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். மறு ஆண்டு நகராட்சித் தலைவரானார். அந்த ஊரில் உட்கார்ந்து செய்கிற வேலை இது. படிக்கிற பிள்ளைக்கு எளிதா என்பதை மட்டும் வைத்து முடிவெடுப்போம்.

ஆத்தூர், புதன் இரவு

எளிமை வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்தில்லை. ஆனால் எளிய சொல்லுக்கு ஏற்கெனவே பத்து வேலை இருக்கும். சட்டம் என்றால் நீதிமன்றச் சட்டம், காம்பு என்றால் குடைக்காம்பு, சங்கப் பாட்டில் மூங்கில். கலைச்சொல் ஒரு பொருளை மட்டும் சுட்ட வேண்டும். புதுச்சொல் முதல் நாள் முரடாக இருக்கும். 'பேருந்து' வந்தபோதும் அப்படித்தான், இன்று யார் தயங்குகிறார்கள்?

காம்பை ஏற்பதாக இருந்தால் அதன் மிச்சத்துக்கு 'காம்புத்தழும்பு' என்று ஒற்று மிகுத்து எழுதுங்கள். மென்தொடர்க் குற்றியலுகரம், பாம்புத்தோல் போல.

சூரமங்கலம், வியாழன் காலை

காம்புத்தழும்பு மிக நன்று, எடுத்துக்கொள்வோம். இதோ அந்தப் பகுதியைச் சட்டம், காம்பு இரண்டையும் வைத்து எழுதிப் பார்த்தேன்:

"சட்டங்களை வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு விட்டுக் கழுவி, நிழலில் காயவை. அச்சிலிருந்து ஒட்டிய எண்ணெய் போனால்தான் பெயின்ட் பிடிக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதே, மெல்லிய பாகம் கோணிவிடும். பிடோட் குழாய் (விமானத்தின் வேகம் அளக்கும் குழாய்) போன்ற ஒல்லிப் பாகமானால் முதலில் அதைச் சுற்றியுள்ள சட்டத்தைத் துண்டித்து இறுக்கத்தைத் தளர்த்து, பிறகு காம்பை வெட்டு. கண்ணாடி மூடியின் காம்பை நிப்பரால் நறுக்காதே, விரிசல் உள்ளே ஓடிவிடும். மெல்லிய ரம்பத்தால் அறு. சில கிட்டுகளில் காம்பு ஒட்டும் முகத்திலேயே இருக்கும். அதை முழுக்கச் சீவாவிட்டால் உடற்பகுதியின் இரு பாதிகளும் மூடாது."

சத்தமாக வாசித்துப் பாருங்கள். எங்கும் தடுக்கவில்லை.

ஆனால் ஒரு பொருள் பாக்கி. மிஞ்சிய சட்டத்தைத் தூக்கி எறிவதில்லை. நறுக்கி, மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட் உள்ள பாட்டிலில் போட்டு ஓரிரவு ஊறவைத்தால் கரைந்து கூழாகும், இடுக்கு அடைக்க உதவும். சுருங்கும் என்பதால் கொஞ்சம் மேடாகப் பூசி, ஓரிரு நாள் காயவிட்டுத் தேய்க்க வேண்டும். இன்னொரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு 2, 3 சென்டிமீட்டர் மேலே பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தால் பளபளத்துத் தொய்யும். அப்போது சுடரை விட்டு விலக்கி இழுத்தால் தலைமயிர் அளவு இழை கிடைக்கும். வேகமாக இழுத்தால் மெல்லியது, நிதானமாக இழுத்தால் தடித்தது. ஆறும்வரை கை தளரக் கூடாது. ஒட்டிய பிறகு ஊதுபத்தி நுனியைத் தொடாமல் கிட்டக் கொண்டுபோனால் இழை தானாக இறுகும். ஏரியல் கம்பி இப்படித்தான் செய்வது. கூழுக்கு 'சட்டக்கூழ்', இழைக்கு 'சட்ட இழை' என்றால் காதுக்கு ஒட்டவில்லை.

ஏற்காடு, வியாழன் மாலை

சட்டம், காம்பு இரண்டுக்கும் என் ஒப்புதல். கூழ், இழை என்று மட்டும் போதுமே. மெழுகுவர்த்தி வேலைக்குப் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை மறக்காமல் சேருங்கள்.

அஸ்தம்பட்டி, வெள்ளி காலை

கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. சட்டம், காம்பு, காம்புத்தழும்பு, பிசிறு, வெண்படலம், கூழ், இழை. 3-ஆம் பக்கப் படத்தில் செவ்வாய்ப்பேட்டை ஐயா சொன்ன ஊற்றுவாயும் ஓடையும் அம்புக்குறியோடு இருக்கின்றன. மடையை மட்டும் காம்பாக்கினேன். ஸ்ப்ரூ என்ற சொல்லை ஒரே ஓர் இடத்தில் தமிழ் எழுத்தில் விட்டிருக்கிறேன், கடையில் கேட்டு வாங்க உதவும்.

செவ்வாய்ப்பேட்டை, வெள்ளி மதியம்

படத்துக்கு நன்றிங்க. பட்டறையில் நாங்கள் மரம் என்றே சொல்லிக்கொண்டிருப்போம்.

ஆத்தூர், வெள்ளி இரவு

இரண்டாம் பதிப்பு வருமானால் வார்காலை மீண்டும் எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். விமானத்தின் காலோடு மோதும் என்ற தடைக்கு விடை இருக்கிறது: அதைத் 'தாங்கி' என்று மாற்றலாம். பீச்சுதல் பற்றிய தடைக்கு நாளை விரிவாக எழுதுகிறேன்.