முச்சந்தியில வச்ச போத்தல் கூடு குப்பமேடா ஆயிருச்சு, என்ன செய்யலாம்?

மலைக்காத்து:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க அட்டன் பக்கம் ஒரு தோட்டம். கீழ் டிவிஷன் லயத்து வரிசை வீடுகளுக்கு எறங்குற முச்சந்தியில கோயில் கமிட்டியும் எங்க இளைஞர் கழகமும் காசு போட்டு, பிளாஸ்டிக் போத்தல் போட ஒரு கம்பிக் கூடும் கண்ணாடி போத்தலுக்கு ஒரு பீப்பாவும் வச்சோம். மொத கொஞ்ச நாள் நல்லாத்தான் போச்சு, இப்ப பாத்தா சோத்து மிச்சம், பெம்பர்ஸ், மீன் செதிலோட கட்டுன சொப்பிங் பேக், எல்லாம் அதுக்குள்ள. நாய் இழுத்து ரோடெல்லாம் பரப்புது, ராவுல பன்னியும் வருது. குப்ப அள்ளுற பிரதேச சபை ட்ரக்டர் மெயின் ரோட்டோட திரும்பிருது, கேட்டா தோட்டத்து ரோட்டுக்குள்ள வர முடியாதாம், தோட்டத்து ஆபீஸ்ல கேட்டா குப்ப அள்றது சபை வேலையாம். மழ வந்தா அவ்வளவும் தண்ணி ஓடுற கான்ல விழுந்து ஓயா ஆத்துக்குத்தான் போகுது. கூட்ட கழட்டிருவோம்னு சில பேரு, இன்னும் ரெண்டு வைப்போம்னு சில பேரு. ஒழுங்கா நடத்துனவங்க இருந்தா சொல்லுங்க.

ஊவாக்காரி:
தம்பி, இன்னும் ரெண்டு வச்சா இன்னும் ரெண்டு குப்பமேடு வரும், அதுதான் நடக்கும். நம்ம வீட்டுக் குப்பையில பாதிக்கு மேல அடுப்படி மிச்சந்தான், அது வீட்ட விட்டு ரோட்டுக்கு வந்துச்சுன்னா எந்தக் கூடும் நிக்காது. மொதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணுங்க, போத்தல அப்புறம் பாக்கலாம்.

லயத்துல ஏது எடம்னு கேப்பாங்க. நாங்க பண்டாரவளை பக்கம், எங்க லயத்துல இஸ்தோப்புல, அதான் முன் திண்ணையில, ஆணி அடிச்சு ரெண்டு உர பேக் தொங்க விட்டிருக்கோம், ஒண்ணுல பிளாஸ்டிக்கும் தகரமும், இன்னொண்ணுல பேப்பர் மட்ட. தேங்காத் தண்ணி, சோறு, மரக்கறித் தோலெல்லாம் மூடி போட்ட வாளியில. அந்த வாளி மட்டும் தெனம் காலியாகணும், அதுல சோம்பல் பட்டா மத்ததெல்லாம் வீண்.

இந்தக் குளிர்ல கொம்போஸ்ட் ஆகாதுன்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. வீட்டுக்கு வீடு சின்னச் சின்னதா குவிச்சா சூடு தங்காது, அதான் அப்படியே கெடக்குது. நாலஞ்சு வீடு சேந்து மூணடிக்கு மூணடி, ஒசரமும் மூணடி வர்ற மாதிரி ஒரே குவியலா போடுங்க, உள்ள நல்லா கொதிக்கும். ஈரம் ஒரு படை போட்டா காஞ்ச சருகு ஒரு படை, கெடச்சா சாணியும் கொஞ்சம். மேல பழைய தகரம் கட்டாயம், இல்லாட்டி நம்ம மழைக்கு சாறா ஓடிரும், நாத்தமும் கெளம்பும். மூணு நாலு கெழமைக்கு ஒருக்கா கெளறி விடுங்க. மீன் முள்ளு எலும்ப அதுல போடாம தனியா ஆழமா பொதச்சிருங்க, பன்னி வர்றதே அதுக்குத்தான். லீக்ஸ் போடுறவங்க இருந்தா அந்த உர மண்ணுக்கு நீங்க ஆள் தேட வேணாம், அவங்களே வருவாங்க.

பழைய போத்தல்:
நான் இரும்பு, போத்தல் வாங்குற ஆளு, உள்ளத சொல்றேன். கழுவாத போத்தல எடுத்தா எனக்கு நட்டம், அதனால எடுக்க மாட்டேன். சோடா, தண்ணி போத்தல் அடியில முக்கோணத்துல 1ன்னு இருக்கும், அது போகும், ஷாம்பு போத்தல், வாளி, பேசின் மாதிரி 2, 5 இருக்கிறதும் போகும், நனையாத மட்டப்பெட்டி போகும். பிஸ்கட் உறையும் பால்மா பெக்கட்டும் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டி வர்ற சாமான், நம்ம பக்கம் அத வாங்க ஆள் இல்ல, அதப் போட்டு கூட்ட நெரப்ப வேணாம். போத்தல மூடி கழட்டி மிதிச்சு போடச் சொல்லுங்க, காத்த ஏத்திக்கிட்டுப் போக டீசல் காசு கட்டாது. ஒரு டிவிஷனுக்கு மட்டும் லொறி வராது, பக்கத்து டிவிஷனையும் சேத்து மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம சொல்லுங்க, வர்றேன்.

இன்னொண்ணு, கூட்டுக்கு மூடி போட்டு பூட்டிருங்க, போத்தல் மட்டும் நுழையுற மாதிரி வட்டமா ஓட்ட விட்டா போதும். முச்சந்தியில இருட்டுல யாரு போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது, கொழுந்து நிறுக்குற மடுவத்துக்கிட்ட கொண்டு போய் வைங்க, அங்க நாலு கண்ணு பாக்கும். சாயமும் பூசுங்க, நம்ம நாட்டுக் கணக்குப்படி பிளாஸ்டிக்குக்கு ஆரஞ்சு, கண்ணாடிக்கு சிவப்பு.

ரெட்ட எல:
சபைக்காரங்க சொன்னது பழைய கத. 1987ஆம் ஆண்டு பிரதேச சபை சட்டத்துல 33வது பிரிவு தோட்டத்துக்கு செலவு பண்ண தடையா இருந்துச்சு, வாஸ்தவந்தான். 2018ல அத திருத்தியாச்சு. நுவரெலியா மாவட்டத்துல நோர்வுட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனைன்னு புது சபைகளும் வந்துச்சு, இன்னும் "முடியாது"ன்னா எப்படி? வாயால கேக்காதீங்க, எழுத்துல குடுங்க. ட்ரக்டர் உள்ள வர ஆட்சேபன இல்லன்னு தோட்டத்து மனேஜர் துரைக்கிட்ட ஒரு கடிதம், யூனியன் தலைவருங்க ஒப்பத்தோட சபைக்கு ஒரு கடிதம், எந்த எடத்துல எந்தக் கெழம நிக்கணும்னு நீங்களே எழுதிருங்க. ரெண்டுலயும் கொப்பி வச்சுக்குங்க.

தேயிலப்பூ:
பன்னியோட நிக்காது, குப்பைக்கு நாய் கூடுனா நாய்க்கு சிறுத்தை வரும். எங்க பக்கம் லயத்து வாசல்லயே நாய தூக்கிருச்சு. விடியக்காத்தால பள்ளிக்கூடத்துக்கு நடக்குற புள்ளைங்கள நெனச்சாவது சீக்கிரம் செய்ங்க.

மலைக்காத்து:
எல்லாருக்கும் நன்றி. பூட்டும் ஓட்டையும் நாளைக்கே செய்யலாம். கடிதத்துக்கு தலைவர்மார்கிட்ட பேசுறேன், ரெண்டு யூனியனையும் ஒரே தாள்ல ஒப்பம் போட வைக்கிறதுதான் பெரிய வேல, ஹிஹி. அக்கா, பெம்பர்ஸ என்ன செய்ய? மக்கவும் மாட்டேங்குது, விக்கவும் மாட்டேங்குது. எங்க ஆட்கள் கான் ஓரமா போட்டு எரிக்கிறாங்க.

ஊவாக்காரி:
எரிக்க விடாதீங்க தம்பி, அந்தப் பொகைய மொதல்ல குடிக்கிறது பக்கத்துக் காம்பரா புள்ளதான். பிஸ்கட் உறை, பால்மா பெக்கட் மாதிரி அதுவும் மக்கவும் விக்கவும் முடியாதது, ட்ரக்டருக்குத்தான் போகணும். ரெட்ட எல சொன்ன கடிதம் எல்லாத்த விடவும் அதுக்குத்தான் அவசரம். பகல்ல துணி கட்டுனா எண்ணிக்க பாதியா கொறையும், எங்க லயத்துல சில பேரு அப்படித்தான். ட்ரக்டருக்கு குடுக்கிறத தனி பேக்ல இறுக்கிக் கட்டி, உடஞ்ச கண்ணாடிய மட்டையில சுத்தி, மேல சிவப்புத் துணி ஒண்ணு முடிஞ்சு விடுங்க. அள்ளுறவங்க கையுறை இல்லாமத்தான் அள்ளுறாங்க.