ரீமேப் செய்த டர்போ கார், சாதா பெட்ரோலில் நாக்கிங். ஆக்டேன் பூஸ்டர் ஊற்றினால் போதுமா?

கோவைக்காரன்_12:
1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், போன வருடம் ஸ்டேஜ் 1 ரீமேப் (சக்தி கூட இன்ஜின் கம்ப்யூட்டரிலுள்ள மேப்பை, அதாவது அமைப்பை, மாற்றி எழுதுவது) செய்தேன். 100 ஆக்டேன் பெட்ரோல் (ஆக்டேன் எண் கூடினால் நாக்கிங்கைத் தாங்கும்) மட்டும்தான் போடணும் என்றார் செய்து கொடுத்தவர், ஆர்வக்கோளாறில் நானும் தலையாட்டிவிட்டேன். அந்த விலைக்கு எத்தனை மாதம் போட முடியும்? இப்போது சாதாதான். ஊருக்குள் ஒன்றும் தெரியவில்லை. போன வாரம் நான்கு பேரோடு ஏசி போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, 2000 ஆர்பிஎம் பக்கத்தில் மிதித்தால் தகரத்தில் கோலிக்குண்டு உருட்டுவது போல ஒரு சத்தம். பூஸ்டர் பாட்டில் ஊற்றினால் சரியாகுமா?

கிரீஸ்_கை:
முதலில் அந்த 2000-த்தில் மிதிப்பதை விடுங்கள் ப்ரோ. பெரிய கியர், குறைந்த ஆர்பிஎம், முழு பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்), இந்த மூன்றும் சேர்ந்தால்தான் டர்போ இன்ஜினுக்கு ஆபத்து. பிளக் பற்றவைத்த தீ போய்ச் சேருவதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகவே வெடிக்கிறது, அதுதான் நாக்கிங், உங்களுக்குக் கேட்டதும் அதுதான். ஒரு கியர் குறைத்து 3000-க்கு மேல் ஏறுங்கள்.
பூஸ்டர் பாட்டிலில் 'பாயின்ட்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் ஒரு பாயின்ட் என்பது 0.1 ஆக்டேன். 30 பாயின்ட் என்றால் வெறும் 3. அதற்கு டேங்கில் பாதி 100, பாதி சாதா என்று கலப்பதே மேல், கணக்கும் ஏறக்குறைய நடுவில்தான் வரும்.

பழைய_மெக்கானிக்:
தம்பி, சாதா பெட்ரோல் என்றால் 91 என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அதற்கான தரமே 95. ஆகவே பெட்ரோலை மட்டும் திட்டிப் பயனில்லை, 100-க்கு எழுதிய மேப்பை 95-ல் ஓட்டினால் சத்தம் வரத்தான் செய்யும். நாக் சென்சார் டைமிங்கை, அதாவது பிளக் பற்றவைக்கும் நேரத்தை, பின்னுக்கு இழுத்துக் காப்பாற்றப் பார்க்கும், ஆனால் அது சத்தத்தைக் கேட்ட பிறகுதான் இழுக்கும். ஒவ்வொரு மேட்டிலும் அதையே நம்பி ஓட்டினால் பிஸ்டன் வளையத்துக்கு இடையிலுள்ள பகுதி உடையலாம். ஓபிடி டாங்கிள் (இன்ஜின் தகவலைப் படிக்கும் சின்னக் கருவி) மாட்டி, ஓடும்போது லாக் (பதிவு) எடுத்துவிட்டு வாருங்கள்.
பிளக் ஒரு ரேஞ்ச் குளிர்ந்ததாக (சூட்டைச் சீக்கிரம் கடத்துவதாக) போடலாம். என்ஜிகே பிராண்டில் எண் கூடினால் குளிர்ச்சி, பாஷில் நேர் எதிர். இதில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர், நானும் ஒருமுறை. ஆயில் ஏபிஐ எஸ்பி தரமா என்று டப்பாவைப் பாருங்கள், குறைந்த ஆர்பிஎம்மில் கலவை முன்கூட்டியே பற்றுவதைத் தடுக்கிறதா என்ற சோதனை அதில் உண்டு.

கோவைக்காரன்_12:
லாக் எடுத்தேன் சார். மூன்றாம் சிலிண்டரில் டைமிங் 7 டிகிரி பின்னால் போகிறது, உள்ளே போகும் காற்று 60 டிகிரிக்கு மேல். இன்டர்கூலரில் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விப்பது) ஏதாவது செய்யலாமா?

பழைய_மெக்கானிக்:
60 என்பது அதிகம். முதலில் அதில் சேறு அடைத்திருக்கிறதா பார்த்துச் சுத்தம் செய்யுங்கள், அதற்குக் காசு ஆகாது. ஆனாலும் 7 டிகிரி அதனால் மட்டும் வராது. 95-க்கு மேப்பை மாற்றி, 2500 வரை பூஸ்டைக் குறைத்து எழுதச் சொல்லுங்கள். கொஞ்சம் இழுவை போகும், போகட்டும்.

கோவைக்காரன்_12:
ரீமேப் செய்து கொடுத்த ட்யூனர் போனை எடுக்க மாட்டேன் என்கிறார். ஒரிஜினல் மேப்பைத் திரும்ப ஏற்றக் கேட்டிருக்கிறேன். அதுவரை எஸ் மோடில்தான் (சின்ன கியரில் ஆர்பிஎம்மை ஏற்றிவைக்கும் ஸ்போர்ட் மோட்) மலை ஏறுகிறேன்.