முகமாலை: இன்னும் எத்தனை வருடம் கையால் மிதிவெடி கிளறுவது?

முகமாலையான்:
சண்டை முடிந்தது 2009. கிளிநொச்சி மாவட்டத்து முகமாலையில் எங்கள் காணி இன்னும் மிதிவெடி எச்சரிக்கைச் சிவப்புக் கட்டைகளுக்குள்ளேயே கிடக்கிறது. 2000இல் விட்டுவிட்டு ஓடிவந்த வளவை ஒருதரம் பார்க்கவேண்டும் என்கிறார் அம்மா, வயது 74. 2017இல் மிதிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்த இலங்கைக்கு, வெடிகளை அகற்றி முடிக்க 2028 யூன் வரைதான் தவணை. பெரிய இயந்திரங்களை இறக்கி உழுதால் என்ன?

வடலி:
அண்ணை, நான் அங்கே ஐந்து வருடம் முழங்காலில் இருந்து மண் கிளறியவள். இராணுவம் புதைத்த பி-4 மிதிவெடி, புலிகள் அதைப் பார்த்துச் செய்த ரங்கன்-99 இரண்டும் பிளாஸ்டிக். உலோகம் மிகக் கொஞ்சம். மண் முழுக்கச் செல் துண்டுகள். உலோகம் தேடும் கருவியை வைத்தால் ஓயாமல் கத்தும், எது வெடி என்று சொல்லாது. அதனால்தான் ஒரு மீற்றர் அகலப் பாதை பிடித்து, விறாண்டியால் மண்ணை வழித்து வழித்துப் போகிறோம். சண்டைக்காலத்து மண் அணைகளை அள்ள இயந்திரமும் வேண்டும்தான். ஆனால் அள்ளிப் பரப்பிய மண்ணைப் பார்ப்பது மனிதக் கண். சங்கிலியால் அடிக்கும் இயந்திரம் நூறில் 99ஐ உடைத்தாலும், மிச்சம் ஒன்று எங்கே என்று யார் சொல்வது?

ரொறன்ரோ சிவா:
காசு வரும்வரைதான் இந்தப் பேச்சு. 2025 ஜனவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியதும் அதன் காசில் நடந்த மிதிவெடி வேலைகள் பல நாடுகளில் அப்படியே நின்றன. பெரும்பகுதி முடிந்தால் போதும். மிச்சத்துக்கு வேலி போடுங்கள்.

வடலி:
வேலிக்கட்டை விறகுக்குப் போய்விடும். இரும்பு பொறுக்கப் போகிறவர் மண்டையோட்டுப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறார். அன்றைக்கு உலை வைக்கவேண்டுமே. கனடாவில் இருந்து பார்த்தால் வேலி போதும்போலத்தான் தெரியும்.

முகமாலையான்:
சரி தங்கச்சி, கருவி கத்தும் கதை எனக்குத் தெரியாது. இயந்திரப் பேச்சை விடுகிறேன். வேலிக்கு நான் சம்மதமில்லை, அது எங்கள் காணி. ஆனால் கைதான் வழி என்றால் ஆளைக் கூட்டவேண்டும். வேலையில்லாத பிள்ளைகள் ஊரில் எத்தனை பேர்! அதற்கு அரசாங்கம் ஏன் தன் காசைப் போடக்கூடாது? அம்மாவிடம் 2028 என்று நான் எந்த முகத்தோடு சொல்ல?

வடலி:
அதில் நான் உங்கள் பக்கம். ஒன்று மட்டும்: காணி கையில் வந்ததும் தென்னங்குழி வெட்டிவிடாதீர்கள். நாங்கள் பார்ப்பது ஒரு குறித்த ஆழம் வரைதான். கிணறு இறைப்பதற்கு முன்பும் அறிவியுங்கள், கிணறுகளுக்குள் வெடிபொருள் கிடந்திருக்கிறது. வளவு எந்தப் பக்கம், ஏ-9 வீதிக்குக் கிழக்கா மேற்கா?