நோஸ்ல இருந்து பைடெஸ்டுக்கு மாத்தினா டெஸ்ட் எண்ணிக்கை இடிக்குது, ஆனா எல்லாம் பச்சையா இருக்கு, எப்படி?

கல்தோசை:

வணக்கம் மக்களே. ஜிபிஎஸ் ட்ராக் ஃபைலப் படிச்சு தூரம், வேகம், ஏத்த இறக்கம் எல்லாம் கணக்குப் போட்டுத் தர்ற ஒரு சின்ன பைத்தான் லைப்ரரிய நானும் இன்னும் ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருக்கோம், ஓப்பன் சோர்ஸ் தான், சம்பளம் கிம்பளம் எதுவும் கிடையாது. ஆரம்பிச்சவர் எப்பவோ ஒதுங்கிட்டார். டெஸ்ட் எல்லாம் அவர் காலத்துல நோஸ்ங்கிற டெஸ்ட் ஓட்டுற டூல் வச்சு எழுதினது. நோஸ் கடைசியா 1.3.7 வந்தது 2015ல, அதுக்கப்புறம் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்ல. பைத்தான் 3.10ல கலெக்‌ஷன்ஸ் மாட்யூல்ல இருந்து காலபிள தூக்கினதுல இருந்து நோஸ் ஓட மாட்டேங்குது, அதனால சிஐய (கோடு மாறும்போதெல்லாம் டெஸ்ட்ட தானா ஓட்டுற ஏற்பாடு) பைத்தான் 3.9லயே நிறுத்தி வச்சு ஓட்டிக்கிட்டு இருந்தோம். இப்ப 3.9க்கே 2025 அக்டோபரோட ஆயுசு முடிஞ்சு போச்சு. இஷ்யூ பக்கத்துல 3.13 எப்போ 3.13 எப்போன்னு வர்றவங்க எல்லாம் கேக்குறாங்க, அவங்கள சொல்லியும் குத்தம் இல்ல.

சரி, இதே வேலைய பாக்குற பைடெஸ்டுக்குப் போயிடலாம்னு 7.4 வெர்ஷன் போட்டு ஓட்டிப் பாத்தேன். 8 போடல, ஏன்னா நம்ம டெஸ்ட் கிளாஸ்ல எல்லாம் நோஸ் ஸ்டைல்ல வெறும் செட்டப், டியர்டவுன்னு தான் பேரு, அத பைடெஸ்ட் 8ல எடுத்துட்டாங்க. 7.4ல ஓடிச்சு, ஒரு சிவப்பு கூட இல்ல, அதான் பயமா இருக்கு. நோஸ் ஆயிரத்துச் சொச்சம் டெஸ்ட் ஓட்டுச்சுன்னு காட்டுது, பைடெஸ்ட் அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல தான் காட்டுது. மீதி எங்க போச்சு? இதுல இன்னொரு கூத்து, டெஸ்ட் ஃபோல்டருக்கு உள்ள எலிவேஷன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, அத மட்டும் தனியா ஓட்டினா நாலஞ்சு ஃபெயில் ஆகுது, அதே ஃபோல்டர நோஸ் வச்சு ஓட்டினா ஓகேன்னு சொல்லுது. (மொத்தமா ஓட்டும்போது அது லிஸ்ட்ல வராததுக்குக் காரணம் பழைய சிஐ ஸ்க்ரிப்ட் ஃபோல்டர் பேர ஒவ்வொண்ணா குடுக்குது, அத நானும் அப்படியே காப்பி பண்ணிட்டேன்.)

இன்னொன்னும் கேக்கணும். எல்லாத்தையும் ஒரே பிஆர்ல (கோட்ல சேத்துக்கச் சொல்லி அனுப்புற மாற்றம்) மாத்திட்டுப் போயிடலாமா, இல்ல கொஞ்சம் கொஞ்சமாவா? வெளியாளுங்க போட்ட பிஆர் ஒரு டஜன் கிட்ட தொறந்து கெடக்கு, எல்லாத்துலயும் டெஸ்ட் ஃபைல தொட்டிருக்காங்க.

---

தெருமுனை_டீ:

பைநோஸ்னு நோஸ்ல இருந்து பிரிஞ்ச ஒரு ஃபோர்க் இருக்கே ப்ரோ, புது பைத்தான்லயும் ஓடும். நோஸ எடுத்துட்டு அத போட்டா சிஐல ஒரே ஒரு வரி மாத்துற வேலை. எதுக்கு இவ்ளோ அலட்டிக்கிறீங்க. வேற வேலையே இல்லையா ஓப்பன் சோர்ஸ் ஆளுங்களுக்கு :)

---

சுக்குக்காப்பி:

டீ சொல்றது தப்பில்ல, அவசரத்துக்கு பைநோஸ் போட்டு 3.13ல ஒரு ரிலீஸ் விடலாம். ஆனா புதுசா வர்ற ஒரு காண்ட்ரிபியூட்டர் கிட்ட நோஸ்ல டெஸ்ட் எழுதுன்னு சொன்னா அந்தப் புள்ள ஓடிரும். நோஸோட டாக்குமெண்டேஷனே புது ப்ராஜெக்ட்டுக்கு நோஸ்2, பைடெஸ்ட் இல்லன்னா வெறும் யூனிட்டெஸ்ட் (பைத்தானோடயே வர்றது) பாருங்கன்னு தான் பல வருஷமா எழுதி வச்சிருக்கு. நம்பைங்கிற பெரிய கணக்கு லைப்ரரி 2018ல 1.15 வெர்ஷனோட பைடெஸ்டுக்கு வந்தாச்சு. அவ்ளோ பெரிய டெஸ்ட் மூட்டைய வச்சிருக்கவங்களே மாத்திட்டாங்க.

இப்ப உங்க எண்ணிக்கைக்கு வருவோம். பைடெஸ்ட் அவுட்புட்டுல பச்சைப் புள்ளிக்கு நடுவுல சின்ன எக்ஸ் எழுத்து அங்கங்க தெரியுதா பாருங்க. என் யூகம், உங்க டெஸ்ட்ல யீல்டு நெறைய இருக்கும். அந்தக் காலத்துல நோஸ்ல பத்து இன்புட்டுக்கு ஒரே சோதனைய ஓட்டணும்னா ஒரு ஃபார் லூப் போட்டு உள்ள யீல்டு செக்_டிஸ்டன்ஸ், அ, ஆ, இன்னு எழுதுவாங்க. நோஸ் ஒவ்வொரு யீல்டையும் ஒரு தனி டெஸ்டா எண்ணும். பைடெஸ்ட் இந்த வசதிய 4.0லயே, அதாவது 2018லயே எடுத்துடுச்சு. ஆனா எடுத்துட்டு எரர் குடுக்கல, அந்த ஃபங்ஷன எக்ஸ்ஃபெயில்னு, அதாவது "ஃபெயில் ஆகும்னு தெரிஞ்சது தான்"னு குறிச்சு வச்சிட்டு ஒரு வார்னிங்கோட நகந்துரும். உள்ள இருக்குற சோதனை ஒண்ணு கூட ஓடாது, சிஐ பச்சையா இருக்கும். நோஸ்ல நாப்பது டெஸ்டா இருந்தது இங்க ஒரு எக்ஸ். 8.4ல தான் இத நேரடி எரரா மாத்தினாங்க, நீங்க 7.4ல நிக்கிறதால மாட்டிக்கிட்டீங்க.

இன்னொன்னு பேரு. நோஸ் பேர்ல டெஸ்ட்ங்கிற வார்த்தை ஆரம்பத்துலயோ இல்ல ஒரு அண்டர்ஸ்கோருக்கு அப்புறமோ வந்தா எடுத்துக்கும். ஸ்பீடு_டெஸ்ட்னு ஃபங்ஷன் இருந்தா நோஸ் ஓட்டும், பைடெஸ்ட் சும்மா தாண்டிப் போயிரும், அதுக்கு ஃபங்ஷன் பேரு டெஸ்ட்னு ஆரம்பிக்கணும். டெஸ்ட்ஸ் டாட் பிஒய்னு ஒரு ஃபைல் இருந்தாலும் அதே கதை. இதெல்லாம் கான்ஃபிக்ல பைத்தான்_ஃபைல்ஸ், பைத்தான்_ஃபங்ஷன்ஸ்னு ரெண்டு வரி சேத்தா சரியாயிரும்.

எலிவேஷன் ஃபோல்டர்ல இருக்குற ஃபைலோட பெர்மிஷன் என்னன்னு ஒரு தடவ பாத்துட்டு வந்து சொல்லுங்க. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, பாத்துட்டு சொல்றேன்.

அப்புறம் முக்கியமா, எண்ணிக்கைய மட்டும் வச்சு ஒப்பிடாதீங்க. பேரு லிஸ்ட்ட ஒப்பிடுங்க. நோஸ்ல எக்ஸ்யூனிட் ப்ளகின் போட்டா எக்ஸ்எம்எல் ஃபைல் ஒண்ணு தரும், பைடெஸ்ட்லயும் ஜேயூனிட் எக்ஸ்எம்எல் ஆப்ஷன் இருக்கு, ரெண்டுலயும் கிளாஸ்நேம், நேம்னு வரும். ஒரு பதினஞ்சு வரி ஸ்க்ரிப்ட் போட்டு இங்க இருக்குறது அங்க இல்ல, அங்க இருக்குறது இங்க இல்லன்னு ரெண்டு லிஸ்ட் எடுங்க. எண்ணிக்கை தற்செயலா சமமா வந்து நிக்கும், ஒரு பக்கம் இருவது காணாமப் போயி இன்னொரு பக்கம் இருவது புதுசா வந்திருக்கும், அப்ப உங்களுக்கு எதுவுமே தெரியாது.

---

கல்தோசை:

அக்கா, யீல்டு தான். க்ரெப் போட்டுப் பாத்தேன், தூரம் கணக்கு போடுற ஃபைல் முழுக்க யீல்டு. எக்ஸ் எழுத்தும் இருக்கு, மூணு வரி அவுட்புட்டுல எட்டு எடத்துல. அதாவது லைப்ரரியோட மெயின் வேலைக்கான டெஸ்ட்டே ஓடல, நான் பாட்டுக்கு பச்சையா இருக்குன்னு மெர்ஜ் பட்டன் பக்கத்துல நின்னுக்கிட்டு இருக்கேன்.

பெர்மிஷன் பாத்தேன், அந்த ஃபோல்டர்ல எல்லாமே 755, அதாவது எக்ஸிக்யூட் பண்ணலாம்னு இருக்கு. மத்த எடத்துல எல்லாம் 644, அந்த அனுமதி இல்ல. கமிட் பண்ணது ரொம்பப் பழசு, யாரோ விண்டோஸ் பார்ட்டிஷன லினக்ஸ்ல மவுண்ட் பண்ணி அங்க இருந்து கமிட் பண்ணிருப்பாங்க போல. இதுல என்ன இருக்கு?

---

சுக்குக்காப்பி:

நெனச்சேன். எக்ஸிக்யூட் பெர்மிஷன் இருக்குற பைத்தான் ஃபைல நோஸ் தொடவே தொடாது. அது ஸ்க்ரிப்டா இருக்கலாம், இம்போர்ட் பண்ணா ஏதாவது ஓடித் தொலைக்கும்னு ஒரு முன்னெச்சரிக்கை. எடுக்கணும்னா தனியா --எக்ஸ்இன்னு ஒரு ஆப்ஷன் குடுக்கணும். இது தெரியாம எத்தன ப்ராஜெக்ட்ல எத்தன ஃபைல் சும்மா கெடந்துச்சோ. நோஸ் ஓகேன்னு சொன்னதா சொன்னீங்கல்ல, அதுக்கு மேல் வரிய பாருங்க, ரேன் 0 டெஸ்ட்ஸ்னு இருக்கும். பூஜ்யம் டெஸ்ட் ஓட்டிட்டு ஓகே சொல்ற ஆளு அது. பைடெஸ்ட் அப்படி விடாது, ஒரு டெஸ்டும் கெடைக்கலன்னா எக்ஸிட் கோடு 5 குடுக்கும், சிஐ சிவப்பாயிரும்.

அதனால அந்த நாலஞ்சு ஃபெயில் மைக்ரேஷன்னால வந்தது கிடையாது. கோடு எப்பவோ மாறி டெஸ்ட் அப்படியே நின்னுருக்கும், இல்லன்னா நெஜமாவே பக் இருக்கும். ரெண்டுல எதுன்னு மைக்ரேஷன் பிஆர்ல ஆராய்ச்சி பண்ணாதீங்க. எக்ஸ்ஃபெயில் மார்க் போட்டு, ஸ்ட்ரிக்ட்ட ட்ரூன்னு வச்சு, காரணத்துல இஷ்யூ நம்பர போட்டு விடுங்க. ஸ்ட்ரிக்ட் இருந்தா என்னிக்கு அது சரியாகுதோ அன்னிக்கு சிஐ சத்தம் போடும், மார்க்க எடுக்கலாம்.

---

அடைமழை:

மேல சொன்னதெல்லாம் சரி. பிஆர் எப்படிப் பிரிக்கணும்னு கேட்டீங்களே, அதுக்கு நான் சொல்றேன், இது ஒண்ணு ரெண்டு ப்ராஜெக்ட்ல கூட நின்னு பாத்த வேலை.

முதல்ல ரன்னர, அதாவது டெஸ்ட் ஓட்டுற டூல மட்டும் மாத்துங்க. 3.9லயே, நோஸ் இன்ஸ்டால் ஆகி இருக்கும்போதே, டெஸ்ட் ஃபைல்ல எத எத தொட்டே ஆகணுமோ அத மட்டும் தொட்டு பைடெஸ்ட் வச்சு ஓட வைங்க. அதாவது யீல்ட எல்லாம் பாராமெட்ரைஸா (ஒரே டெஸ்ட்ட பல இன்புட்டுக்கு ஓட்டுற பைடெஸ்ட் வசதி) மாத்தணும், செட்டப்ப செட்டப்_மெத்தட்னு பேரு மாத்தணும், டெஸ்ட்ஸ் ஃபோல்டரோட இனிட் ஃபைல்ல பேக்கேஜ் செட்டப் ஏதும் இருந்தா கான்ஃப்டெஸ்டுக்கு (பைடெஸ்டோட பொது செட்டப் ஃபைல்) கொண்டு வரணும். அசர்ட்_ஈக்வல் மாதிரி நோஸ் டூல்ஸ்ல இருந்து வர்றத இப்போதைக்கு அப்படியே விடுங்க. பழையதும் புதுசும் ரெண்டு ரன்னரும் சிஐல கொஞ்ச நாள் பக்கத்துல பக்கத்துல ஓடட்டும். பாராமெட்ரைஸா மாத்தினதெல்லாம் நோஸ் பக்கம் ஓடாது தான், பரவாயில்ல, ஃபைல் ஃபைலா நோஸ் லிஸ்ட் குறைஞ்சு பைடெஸ்ட் லிஸ்ட் கூடும், கண்ணால பாக்கலாம்.

அடுத்து தான் நோஸ் டூல்ஸ். இது ஏன் அவசரம்னா, 3.10, 3.11ல நோஸ் ரன்னர் தான் ஓடாது, டூல்ஸ்ல இருந்து இம்போர்ட் பண்றது தப்பிச்சுக்கும். 3.12ல இம்ப் மாட்யூலையே தூக்கிட்டாங்க, இம்போர்ட் நோஸ்னு எழுதின வரியிலயே விழுந்துரும். நோஸ்2பைடெஸ்ட்னு ஒரு டூல் இருக்கு, அசர்ட்_ஈக்வல் அ, ஆன்னு இருக்குறத எல்லாம் அசர்ட் அ == ஆன்னு மாத்திக் குடுக்கும். யீல்டு, செட்டப் பக்கம் எல்லாம் அது எட்டிப் பாக்காது. அத ஓட்டி வர்றத ஒரே கமிட்டா போடுங்க, கையால எதையும் அதுல கலக்காதீங்க. அந்தக் கமிட் ஐடிய கிட்-ப்ளேம்-இக்னோர்-ரெவ்ஸ் ஃபைல்ல சேத்து விட்டா கிட்ஹப்ல ப்ளேம், அதாவது எந்த வரிய யாரு மாத்தினாங்கன்னு பாக்கும்போது அது குறுக்க வராது.

சுக்குக்காப்பி ஒத்துக்க மாட்டாங்கன்னு நெனைக்கிறேன், ஆனா யூனிட்டெஸ்ட் டெஸ்ட்கேஸ்ல எழுதின கிளாஸ் ஏதும் இருந்தா நான் கை வைக்கவே மாட்டேன். பைடெஸ்ட் அத அப்படியே ஓட்டும். எல்லாம் ஒரே ஸ்டைல்ல இருக்கணும்னு மாத்தப் போயி தான் நெறைய எடத்துல வேலை பாதியில நிக்குது. ஒரே ஒரு ஜாக்கிரதை, டெஸ்ட்கேஸ் கிளாஸ் உள்ள இருக்குற மெத்தடுக்கு பாராமெட்ரைஸ் வேலை செய்யாது. அங்க யீல்டுக்குப் பதிலா எழுதணும்னா சப்டெஸ்ட் போடுங்க, இல்ல கிளாஸ டெஸ்ட்கேஸ்ல இருந்து பிரிச்சு எடுங்க.

---

சுக்குக்காப்பி:

டெஸ்ட்கேஸ தொடாதீங்கங்கிறத நான் ஏன் ஒத்துக்காம இருக்கப் போறேன். நான் ஒத்துக்காதது நோஸ்2பைடெஸ்ட்ட. ஒரு டஜன் பிஆர் தொறந்து கெடக்குன்னு சொல்லிருக்காரு, எல்லாத்துலயும் டெஸ்ட் ஃபைல். அந்த ஒத்தக் கமிட் உள்ள போன மறுநிமிஷம் அத்தன பேருக்கும் கான்ஃப்ளிக்ட். அவங்க எல்லாம் சும்மா வந்து எழுதிக் குடுக்குறவங்க, ரீபேஸ் பண்ணுங்க, அதாவது புதுக் கோடு மேல உங்க மாற்றத்த திரும்ப ஏத்துங்கன்னு சொன்னா பாதிப் பேரு திரும்ப வர மாட்டாங்க.

நோஸ் டூல்ஸ்ல மாயம் ஒண்ணும் இல்ல. அசர்ட்_ஈக்வல்னு இருக்குறது யூனிட்டெஸ்ட்டோட அசர்ட்ஈக்வல் தான், பேர மட்டும் அண்டர்ஸ்கோர் போட்டு மாத்தி வெளிய வச்சிருக்காங்க. டெஸ்ட்ஸ் ஃபோல்டர்ல கம்பாட்னு ஒரு சின்ன ஃபைல் போட்டு, யூனிட்டெஸ்ட் டாட் டெஸ்ட்கேஸ் ஒண்ண உருவாக்கி, அதோட மெத்தட எல்லாம் பழைய பேர்ல எடுத்து வச்சிடுங்க. டெஸ்ட் ஃபைல்ல இம்போர்ட் வரி ஒண்ணு தான் மாறும், நோஸ் போயிரும், 3.13 ஓடும். தொறந்து கெடக்குற பிஆர் எல்லாம் உள்ள வந்தப்புறம் ஆற அமர அசர்ட்ட மாத்திக்கலாம், இல்ல மாத்தாமலே கூட விடலாம், யாரு கேக்கப் போறா.

---

அடைமழை:

கம்பாட் ஃபைல் நல்ல யோசனை தான், ஒத்துக்கிறேன். ஆனா "மாத்தாமலே விடலாம்" மட்டும் வேண்டாம். வெறும் அசர்ட்டா எழுதினா பைடெஸ்ட் அந்தக் கோட இம்போர்ட் பண்ணும்போதே திருத்தி, ஃபெயில் ஆனா ரெண்டு பக்கமும் என்ன வேல்யூ, அது எந்த ஃபங்ஷன்ல இருந்து வந்துச்சுன்னு காட்டும். மாறினதுக்கு பாதி லாபமே அது தான். கல்தோசை, இதுல ஒண்ணு கவனிங்க, இந்தத் திருத்தம் டெஸ்ட் ஃபைலுக்கும் கான்ஃப்டெஸ்டுக்கும் தான் நடக்கும். உங்க செக்_டிஸ்டன்ஸ் மாதிரி ஃபங்ஷன் எல்லாம் ஹெல்பர்ஸ்னு தனி ஃபைல்ல இருந்தா அங்க வெறும் அசர்ஷன்எரர்னு மொட்டையா வந்து நிக்கும். அந்த மாட்யூல் பேர ரெஜிஸ்டர்_அசர்ட்_ரீரைட்ல குடுத்துட்டு அதுக்கப்புறம் இம்போர்ட் பண்ணுங்க.

---

தெருமுனை_டீ:

நான் ஒரு வரி தானே சொன்னேன், இங்க ஒரு புத்தகமே ஓடுது. சரி நானும் ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். மெதுவான டெஸ்டுக்கு நோஸ்ல அட்ரிப்னு ஒரு அடையாளம் போட்டு வச்சிருப்பீங்க, அத மார்க்கா மாத்தும்போது கான்ஃபிக்ல மார்க்கர் பேர எழுதி ஸ்ட்ரிக்ட்-மார்க்கர்ஸ் போட்டுருங்க. இல்லன்னா ஸ்லோன்னு எழுத வேண்டிய எடத்துல எவனாவது ஸ்ளோன்னு எழுதுவான், ஒரு வார்னிங்கோட போயிரும், யாரும் பாக்க மாட்டாங்க.

---

கல்தோசை:

எல்லாருக்கும் நன்றி. கம்பாட் ஃபைல் வழியிலயே போறேன், எங்களுக்கு பிஆர் போட்டவங்க ஓடிப்போறது தான் பெரிய நட்டம். தூரம் ஃபைல்ல யீல்டு எல்லாத்தையும் பாராமெட்ரைஸா மாத்தி பேரு லிஸ்ட் எடுத்தாச்சு, இப்ப இடிக்கிறது ஸ்பீடு பக்கம் கொஞ்சம் தான், அதுவும் பேரு பிரச்சனை. எலிவேஷனுக்கு இஷ்யூ தொறந்துட்டேன். பாத்ததுல ஒண்ணு நெஜ பக் மாதிரி தான் தெரியுது, கடல் மட்டத்துக்குக் கீழ இருக்குற பாயிண்ட்ட கூட்டும்போது குறி மாறுது.

கடைசியா ஒண்ணு. என் மெஷின்ல பைத்தான் -எம் பைடெஸ்ட்னு ஓட்டினா எல்லாம் ஓடுது, சிஐல வெறும் பைடெஸ்ட்னு போட்டா எங்க லைப்ரரியே கெடைக்கலன்னு மாட்யூல்நாட்ஃபவுண்ட் எரர் வருது. ஏன்?

---

சுக்குக்காப்பி:

-எம் போட்டு ஓட்டினா பைத்தான் நிக்கிற ஃபோல்டர பாத்ல சேத்துக்கும், வெறும் பைடெஸ்ட் சேக்காது. -எம் போட்டு மூடி மறைக்காதீங்க, சிஐல முதல்ல லைப்ரரிய பிப் இன்ஸ்டால் பண்ணிட்டு அப்புறம் டெஸ்ட் ஓட்டுங்க. யூசர் கைக்குப் போறது இன்ஸ்டால் ஆன லைப்ரரி தான், சோதிக்க வேண்டியதும் அதத் தான். முடிஞ்சா கோட எஸ்ஆர்சின்னு ஒரு ஃபோல்டருக்குள்ள தள்ளுங்க, ஆனா அதையும் இந்த பிஆர்ல பண்ணாதீங்க.