குரங்கு மாதிரி: பி வைரஸ் எலைசா பாசிட்டிவ், பிசிஆரில் ஒன்றுமே இல்லை. அவசரம்!

பிப்பெட்தாசன்:
வணக்கம். காலனியிலிருந்து வந்த மாதிரிகளில் சில, பி வைரஸ் (குரங்குகளின் ஹெர்பஸ் வகை) எலைசாவில், அதாவது ஆன்டிபாடி சோதனையில், பளிச்சென்று பாசிட்டிவ். அதே விலங்குகளுக்கு, வைரஸ் டிஎன்ஏவைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் ஓட்டினால் ஜெல் காலி, பேண்டே இல்லை. வைரஸ் டிஎன்ஏ உள்ள கன்ட்ரோல் சரியாக வருகிறது. கிட் கோளாறா, பிரைமர் (பெருக்க வேண்டிய இடத்தில் ஒட்டும் டிஎன்ஏ துண்டு) கோளாறா? நாளைக்குக் கைடிடம் பதில் சொல்ல வேண்டும்.

அகார்தட்டு:
என்ன குரங்கு? ரத்தமா, ஸ்வாபா? எந்த ஜீனுக்கு பிரைமர்? இதெல்லாம் சொல்லாவிட்டால் நாங்கள் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

ஜிசி கணேசன்:
ஜிசிதான் பிரச்சினை, சந்தேகமே வேண்டாம். இந்த வைரஸின் டிஎன்ஏவில் முக்கால்வாசி ஜி, சி எழுத்துகள், இறுக்கமாகப் பிணைபவை. சாதாரண மிக்ஸில் இழை பிரியவே பிரியாது. இழையைத் தளர்த்த டிஎம்எஸ்ஓ அல்லது பீட்டைன் சேர்த்துப் பாருங்கள்.

அகார்தட்டு:
கன்ட்ரோல் வருகிறது என்கிறாரே?

ஜிசி கணேசன்:
கன்ட்ரோல் பிளாஸ்மிடாக (சிறு வளைய டிஎன்ஏ) இருந்தால் எப்படி ஓட்டினாலும் வரும்.

மூத்த ஆய்வாளன்:
இதே கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் எழுதுவது. பி வைரஸ் மக்காக் குரங்குகளுடையது, இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. விலங்கின் இனத்தைச் சொல்லாமல் வைரஸை விசாரிப்பது விலாசம் இல்லாமல் கடிதம் போடுவது மாதிரி. தம்பி முதலில் படித்துவிட்டு வரட்டும்.

பிப்பெட்தாசன்:
பபூன் குரங்கு. ரத்தம். கிளைக்கோபுரோட்டீன் பி ஜீன், பி வைரஸுக்கான பிரைமர்.

அகார்தட்டு:
அப்படியென்றால் கிட் மேல் பழி இல்லை. பபூனுக்கென்றே எச்விபி 2 (ஹெர்பஸ்வைரஸ் பாப்பியோ 2) என்று ஒரு வைரஸ் உண்டு, பி வைரஸுக்குப் பங்காளி. ஒன்றுக்கு உருவான ஆன்டிபாடி மற்றொன்றையும் பிடிக்கும். பி வைரஸை வளர்க்க பிஎஸ்எல் 4, அதாவது உச்சப் பாதுகாப்பு லேப், கேட்பதால், மக்காக் ரத்தத்தைச் சோதிக்கவே எச்விபி 2 ஆன்டிஜனைப் பயன்படுத்தும் லேப்கள் இருக்கின்றன. அப்புறம், இது நரம்பு முடிச்சில் பதுங்கும் வைரஸ், ரத்தத்தில் தேடிப் பயனில்லை. வாயிலோ பிறப்புறுப்பிலோ புண் இருந்தால் அங்கே ஸ்வாப் எடுத்து, இந்தக் குடும்பம் முழுவதையும் பிடிக்கிற பிரைமர் போட்டு, வருகிற பேண்டை சீக்வென்ஸ் செய்யுங்கள்.

நைட் ஷிப்ட்:
ஹெர்பஸ் பாப்பியோ பி செல் என்ற வெள்ளணுவில் இருக்கும் வைரஸ் ஆயிற்றே, ரத்தத்திலேயே கிடைக்குமே?

அகார்தட்டு:
அது எச்விபி 1. எப்ஸ்டீன் பார் வைரஸின் உறவு, வேறு கிளை.

வெட்டர்னரி வாசு:
அதே இடத்தில் மக்காக்கும் இருக்கிறதா? யாராவது கடியோ கீறலோ வாங்கியிருந்தால் பிசிஆரை விடுங்கள், காயத்தை உடனே 15 நிமிடம் கழுவி மருத்துவரைப் பாருங்கள். மனிதருக்குப் பி வைரஸ் வந்து சிகிச்சை இல்லையென்றால் 10 பேரில் 7, 8 பேர் பிழைப்பதில்லை.

மூத்த ஆய்வாளன்:
பெயரிலேயே குழப்பம். தென்னாப்பிரிக்காவில் வெர்வெட் குரங்கில் எடுத்த எஸ்ஏ8 என்ற பெயரைத்தான் பபூன் புண்களில் கிடைத்ததற்கும் 1990கள் வரை வைத்திருந்தார்கள். டிஎன்ஏவை வெட்டிப் பார்த்த பிறகுதான் வேறு வைரஸ் என்று பிரித்தார்கள். மற்றபடி வகைப்பாடு எளிது, வைரஸ் தன் விலங்கோடு சேர்ந்தே பிரியும். மக்காக்கும் பபூனும் நெருங்கிய இனம், ஆகவே பி வைரஸும் எச்விபி 2வும்தான் நெருக்கம்.

ஜிசி கணேசன்:
அதுதான் இல்லை சார். 2006இல் வந்த எச்விபி 2 முழு ஜீனோம் கட்டுரையில் அதற்கு மிக நெருக்கம் எஸ்ஏ8தான், 85 சதவீதம் ஒற்றுமை. வெர்வெட்டோ தள்ளிப்போன இனம்.

மூத்த ஆய்வாளன்:
அதே கட்டுரையில் குறைந்தது இரண்டு பகுதிகள் பி வைரஸோடு ஒட்டுகின்றன என்றும் இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஜிசி கணேசன்:
அதற்குப் பெயர் மறுசேர்க்கை, வைரஸ்கள் தங்களுக்குள் டிஎன்ஏ துண்டுகளை மாற்றிக்கொள்வது. நீங்கள் சொல்லும் "சேர்ந்தே பிரியும்" கணக்கு அங்கேயும் உதைக்கிறது. ஒரு ஜீனை வைத்து வம்சாவளி மரம் போட்டால் எந்தப் பகுதியை எடுத்தோமோ அதற்கேற்ற மரம்தான் வரும்.

நைட் ஷிப்ட்:
கேட்டவர் எங்கே?

பிப்பெட்தாசன்:
ஸ்வாப் எடுத்தோம், பேண்ட் வந்தது, சீக்வென்ஸில் எச்விபி 2. கைடு ஓகே சொல்லிவிட்டார். நன்றி.

ஜிசி கணேசன்:
பீட்டைன் போட்டீர்களா?

மூத்த ஆய்வாளன்:
எந்தப் பகுதியை சீக்வென்ஸ் செய்தீர்கள்?